மாப்பிள்ளை கையில் என் கத்தி

என் இடுப்பில் கத்தி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் பாடாலூர் டீக்கடைக்காரர். பெஞ்சில் உட்காரும்போது சட்டை மேலே ஏறிவிட்டது போலிருக்கிறது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தி, "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றார். மலேசியா என்றேன். "அங்கல்லாம் கத்தியோடதான் டீ குடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் ஆற்றி என் முன்னால் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு பெஞ்சில் தாராளமாக இடம் கிடைத்தது.

நான் கொலைகாரன் இல்லை. தைப்பிங்கில் நில அளவைக் கம்பெனி ஒன்றில் மேஸ்திரி. காட்டுக்குள் புதர் வெட்டி, வழி உண்டாக்கி, அளவுக்காரர்களை அழைத்துப் போவதுதான் பிழைப்பு. அங்கே மழை பெய்யாத நாளைத்தான் நாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வோம். அதனால் என் இடுப்பில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று, மடக்க முடியாத சின்னக் கத்தி, தோலுறையோடு. மற்றது, விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கம்பி. கத்தியின் முதுகால் அதை அழுத்தி உரசினால் பொறி கொட்டும். நனைந்தாலும் கெடாது, துடைத்துவிட்டு உரசலாம். நெருப்புக் கம்பி என்று நாங்கள் சொல்லுவோம்.

இரண்டையும் எனக்குப் பழக்கிவிட்டவன் யூசுப் என்ற மலாய்க்கார நண்பன். "காட்டுக்குப் போகும்போது பெண்டாட்டியை மறந்தாலும் இதுகளை மறக்காதே" என்று அவன் பாஷையில் சொல்லுவான். இதை நான் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து என் மனைவிக்கு யூசுப்பையும் பிடிக்காது, கத்தியையும் பிடிக்காது.

இந்தப் பயணமே அவளால் வந்ததுதான். எங்கள் பையன் காய்ச்சலில் கிடந்து பிழைத்தான். அவள் பெற்றோர் வழியில் கும்பிடும் சாமி செட்டிகுளத்து மலைமேல் இருக்கும் முருகன். ஆக, காய்ச்சல் பையனுக்கு, வேண்டுதல் அவளுடையது, மொட்டை எனக்கு. "கத்திய வச்சிட்டுப் போங்க" என்று பெட்டி கட்டும்போது சொன்னாள். பெட்டிக்குள் வேட்டிக்கு அடியில் வைத்தேன். வைத்துவிட்டுப் போகத்தானே சொன்னாள்.

மறுநாள் செட்டிகுளம். மலை ஒன்றும் பெரிய மலை இல்லை. காட்டில் நடக்கிறவன் என்ற திமிரில் விறுவிறுவென்று ஏறி, பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். தலையில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் என்னைத் தாண்டிப் போகும்போது, "மெதுவா வாங்க, சாமி எங்கயும் போயிறாது" என்றார். மேலே முருகன் கையில் கரும்போடு நிற்கிறார். வேலோடு பார்த்தே பழகிய எனக்கு அந்தக் கரும்பைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பையன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு கீழே இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

அடிவாரத்தில் ஒரு கூரைக் கடையில் வரகரிசிச் சோறும், சின்ன வெங்காயமும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பும் கிடைத்தன. எங்கள் ஊருக்குச் சின்ன வெங்காயம் கப்பலில் வருகிறது. வந்து சேரும்போது பாதி முளைத்தும் மீதி அழுகியும் இருக்கும். இங்கே கடைக்காரம்மா கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி, எண்ணிப் பார்க்காமல் குழம்பில் போடுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மூன்று முறை சோறு வாங்கினேன். "மொட்ட போட்டா பசிக்கும்" என்று அந்த அம்மா சமாதானம் சொன்னார்.

மூன்றாம் நாள்தான் கதை. அரியலூரில் ரயில் பிடித்து மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும். ரயில் மறுநாள்தான் என்றாலும் மழையை நம்பாமல் முந்தின நாள் மத்தியானமே பெரம்பலூரில் பஸ் ஏறினேன். குன்னம் வழியாகப் போகிற வண்டி. பாதி பஸ்ஸை ஒரு கல்யாணக் கூட்டம் நிறைத்திருந்தது. சீர்த்தட்டு, பித்தளைக் குடம், சைக்கிள் ட்யூப் துண்டுகளால் இறுக்கிக் கட்டிய மூட்டைகள். நடுவில் மாப்பிள்ளை கலியபெருமாள், மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்புக் கயிறு, கையில் நுனியில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தி.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. தமிழ்நாட்டில் கத்தியோடு பஸ் ஏறுகிறவன் நான் ஒருவன்தான் என்று கூசிக்கொண்டிருந்தேன்.

கண்டக்டருக்குத்தான் சந்தோஷமில்லை. "மாப்ள, அத எங்கயாச்சும் வைங்க. பிரேக் அடிச்சா யாரு வயித்துல எறங்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

மாப்பிள்ளையின் அத்தை அஞ்சலை குறுக்கே புகுந்தார். குள்ளமான உருவம், பெரிய குரல். "காப்பு கட்டுன புள்ள தாலி கட்டுற வரைக்கும் இரும்ப விடக் கூடாது. காத்து கருப்பு அண்டிப்புடும்."

"பஸ்ஸே முழுக்க இரும்புதாங்க அத்தாச்சி. இதுக்குள்ள எந்தக் கருப்பு ஏறும்? டிக்கெட் எடுக்கணும்ல?"

பஸ்ஸே சிரித்தது. அத்தை யோசித்தார். கண்டக்டர் சொன்னதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. கடைசியில் கத்தியை ஒரு வாழைத்தாரின் தண்டில் குத்தி, தாரை பஸ் மேலே ஏற்றினார்கள். இறங்கும்போது முதலில் தாரை இறக்கி, கத்தியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் கால் தரையில் பட வேண்டும் என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளைக்கு என் பக்கத்தில் இடம். ஆயில் இன்ஜின் மெக்கானிக்காம். கை ரேகையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. மஞ்சள் பூசியும் தெரிந்தது. ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை பிடித்தால் என்ன, கல்யாணத்தில் தூறல் நல்ல சகுனம்தானே என்றேன்.

"வெளக்கு வைக்கறதுக்குள்ள போயிடணுங்க" என்றார். அப்புறம் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னார். பெண் பெயர் வசந்தா. போன வருஷம் அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகி, மாப்பிள்ளை அழைப்பன்று அந்த மாப்பிள்ளை வராமலே போய்விட்டான். பந்தல் போட்டு, சமையலும் ஆன பிறகு. இந்தத் தடவை பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: விளக்கு வைப்பதற்குள் மாப்பிள்ளை வந்து சேராவிட்டால், காலையில் அதே பந்தலில் மாமன் மகன் தங்கராசுவைத் தாலி கட்ட வைத்துவிடுவேன். முறை மாப்பிள்ளை உள்ளூரிலேயே தயாராக இருக்கிறான்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

கலியபெருமாள் முகம் சிவந்தது. "அவங்க கெணத்துல இன்ஜின் ரிப்பேருக்குப் போயிருந்தேன். மோர் கொண்டாந்து குடுத்துச்சு. ரெண்டாவது தடவ இன்ஜின் நல்லாத்தான் ஓடுச்சு. ஆனாலும் ஆள் வுட்டாங்க."

இவ்வளவு போதும் எனக்கு. அந்த நிமிஷத்திலிருந்து நானும் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஆகிவிட்டேன்.

குன்னம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ஒரு காட்டுப் பாதையில் திரும்பியது. எங்கள் ஊர்க் காட்டோடு ஒப்பிட்டால் இது காடே இல்லை என்று முதலில் நினைத்தேன். வெள்வேல், உசிலை, காரைமுள், நடுநடுவே பனை. ஆனால் பாதை குறுகக் குறுகக் கிளைகள் பஸ்ஸின் தலையை வருட ஆரம்பித்தன. பிறகு வருடவில்லை, அறைந்தன. மேலே ஏதோ தடதடவென்று உருண்டது. டிரைவர் நிறுத்தவில்லை. மழை இரைச்சலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

ஓடையின் தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. பாலத்தைக் காணோம். செம்மண் கரைந்த தண்ணீர் அதன் மேல் சுருண்டு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கரையில், வயல்களுக்கு அப்பால், ஏரிக்கரை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் வசந்தாவின் ஊர்.

"வண்டி எறங்காது. திருப்பி பெரம்பலூர்தான். காலையில வாங்க" என்றார் டிரைவர்.

"காலையில வந்து என்ன பண்றது? வாழ்த்திட்டுப் போறதா?" என்று கலியபெருமாள் எழுந்தார். தண்ணீர் வடியும்வரை இங்கேயே நிற்பேன், பஸ்ஸில் திரும்பமாட்டேன் என்றார். சரி, இறங்கலாம், தாரை இறக்குங்கள் என்றார் அத்தை. மேலே ஏறிய கண்டக்டர் தலையை மட்டும் நீட்டினார்.

"தாரு இல்லிங்க."

அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வாழைத்தாரோடு கத்தியும் காட்டில் எங்கோ விழுந்துவிட்டது. மழைக் காடு, ஓடைக்கரை, பொழுது சாயும் நேரம், கையில் இரும்பில்லாத கல்யாண மாப்பிள்ளை. அத்தை படிக்கட்டில் குறுக்கே நின்றுகொண்டு, "ஒரு காலு கீழ வச்சே, நான் உசுரோட இருக்க மாட்டேன். வண்டியிலயே உக்காரு. திரும்பிப் போவம்" என்றார். பஸ்ஸுக்குள் இரும்பு, கீழே இறங்கினால் ஒன்றுமில்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கலியபெருமாளுக்கு அத்தைதான் தாய் மாதிரி. அவரை மீறி இறங்கும் ஆள் இல்லை. பாலத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டார்.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்பது என் மனைவி எனக்குத் தினமும் சொல்லும் புத்தி. நான் சட்டையைத் தூக்கினேன்.

கத்தியைப் பார்த்ததும் அத்தையின் கண் விரிந்தது. உடனே சுருங்கியது. "கறி அறுத்த கத்தியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. காட்டுப்பன்றி வரைக்கும் அறுத்திருக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்த ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தை என் மொட்டைத் தலையையும் சந்தனத்தையும் பார்த்தார். எந்தக் கோவில் என்று கேட்டார். சொன்னேன்.

"முருகன் அனுப்பிவுட்ட ஆளு. மஞ்சத் தண்ணில கழுவுனா பன்னியெல்லாம் போயிரும்" என்றார். குடத்துத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் கழுவி, சீர்த்தட்டிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நுனியில் குத்தி, மாப்பிள்ளை கையில் கொடுத்தார். கலியபெருமாள் கீழே குதித்தார். கூட்டமும் மூட்டைகளோடு இறங்கியது. கத்தியை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? நானும் பெட்டியோடு இறங்கினேன். பஸ் திரும்பிப் போயிற்று.

அதற்கப்புறம்தான் நாங்கள் செய்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று புரிந்தது. தண்ணீர் வடிவதாக இல்லை. எல்லோரும் சேர்ந்து கூவிப் பார்த்தோம். ஓடை இரைச்சலில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. வேட்டியை உயர்த்தி ஆட்டினோம். தூறலில் அந்தக் கரைக்கு என்ன தெரியும்? அத்தை குளிரில் நடுங்க ஆரம்பித்தார். நாங்கள் இந்தப் பக்கம் வந்து நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்தால் போதும், அவர்கள் காத்திருப்பார்கள். அதைத் தெரிவிக்கத்தான் வழியில்லை.

"நெருப்புப் போடலாம்" என்றேன். பீடி குடிக்கிறவர்கள் தீப்பெட்டியை எடுத்தார்கள். எல்லாம் நமத்துப்போயிருந்தது. எனக்கு அந்தக் கணத்தில் வந்த பெருமையைச் சொல்லி மாளாது. மெதுவாக நெருப்புக் கம்பியை எடுத்தேன். "மாப்ள, கத்தியக் குடுங்க."

"குடுக்கக் கூடாது" என்றார் அத்தை.

"ஒரு நிமிஷம்தாம்மா. இந்தக் கத்தி இல்லாம இது எரியாது."

"தாலி கட்டுற வரைக்கும் அவன் கைய வுட்டு நவுராது."

என் கத்தி, என் கம்பி, என் யோசனை. எனக்கு வந்த கோபத்தில் மொட்டைத் தலை சுட்டது. கலியபெருமாள்தான் சிரித்துவிட்டார். "என்ன செய்யணும்னு சொல்லுங்கண்ணே. நானே செய்யறேன்."

பனைமரத்தடியில் கிடந்த பன்னாடையை, மட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் அந்த நார் வலையை, கொண்டுவரச் சொன்னேன். மேலே ஈரம், உள் அடுக்கு உலர்ந்திருந்தது. அதைச் சுரண்டிப் பஞ்சாக்கினார். பட்டுப்போய் நின்ற வெள்வேலங்கொம்பை முறித்து, ஈரப் பட்டையைச் சீவித் தள்ளி, உள்கட்டையைச் சுருள் சுருளாகச் செதுக்கினார். எலுமிச்சம்பழம் நுனியில் ஆடிக்கொண்டே இருந்தது. எங்கள் காட்டில் நாங்கள் செய்யும் இன்னொரு வேலையும் ஞாபகம் வந்தது: மூட்டை கட்டியிருந்த சைக்கிள் ட்யூபை அவிழ்த்து, துண்டு துண்டாக நறுக்கச் சொன்னேன். ரப்பர் மழையிலும் எரியும். நான் என் தோள் துண்டைக் குடைபோல் விரித்துப் பிடிக்க, அவர் குந்தி உட்கார்ந்து கத்தி முதுகால் கம்பியை உரசினார். பொறி வந்தது. பன்னாடை கண்டுகொள்ளவில்லை. மறுபடியும், மறுபடியும். காப்புக் கட்டிய கை அவசரத்தில் தாறுமாறாக ஓடியது.

"வெல்டிங் வைக்கற மாதிரி நெனச்சுக்கங்க" என்றேன்.

உடனே கை நிதானத்துக்கு வந்தது. அழுத்தி ஒரு இழுப்பு. பன்னாடை சிவந்தது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் பச்சைக் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல ஊதினோம். சுருள்கள் பற்றின. ரப்பர் பற்றியது. கறுகறுவென்று புகை எழுந்து மரங்களுக்கு மேலே போயிற்று.

"கல்யாணத்துக்குக் கறுப்புப் பொகையா?" என்று அத்தை பதறினார். பதறிக்கொண்டே நெருப்பில் கையைக் காட்டினார்.

மழை விட்டது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருந்த ட்யூபெல்லாம் எரிந்து முடியும் நேரத்தில் ஏரிக்கரை மேல் ஓர் உருவம் தெரிந்தது. ஓடிவந்தது. அதன் பின்னால் இன்னும் பலர். முன்னால் வந்தவன் தோளில், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் தடித்த வடக்கயிறு. ஒரு முனையை அந்தக் கரை மரத்தில் கட்டவைத்துவிட்டு, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். வெள்ளம் அவனைச் சாய்வாக இழுத்துக்கொண்டு போயிற்று. தலை முங்கியது. கொஞ்ச தூரம் கீழே புதரைப் பிடித்து எழுந்தான். ஏறிவந்து எங்கள் பக்கத்துப் புளியமரம் ஒன்றில் கயிற்றைக் கட்டினான். புது வேட்டி கட்டியிருந்தான். அது சேற்றில் ஊறித் தொங்கியது.

"நாந்தான் தங்கராசு" என்றான்.

எங்கள் கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. எதிரே கலியபெருமாள், கையில் நிமிர்ந்த கத்தி. தங்கராசு கத்தியைப் பார்த்தான், நெருப்பைப் பார்த்தான்.

"அண்ணே, குத்திப்புடாதீங்க. ஒங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

சீர்த்தட்டுகள் தலைமேல் போயின. அத்தையை இரண்டு பேர் தூக்கினார்கள். அவர் ஓடையைத் திட்டிக்கொண்டே கடந்தார். மாப்பிள்ளை கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. வலக்கையில் கத்தி, விடக் கூடாது. இடக்கையைத் தங்கராசு பிடித்துக்கொண்டான். மார்பளவு தண்ணீரில் இருவரும் ஒட்டி ஒட்டி நகர்ந்தார்கள். இடையில் ஒருமுறை கலியபெருமாளின் கால் வழுக்கியது. தங்கராசு இழுத்து நிறுத்தினான். அந்தக் கரையில் கால் வைத்தபோது ஊருக்குள் விளக்கு இன்னும் ஏற்றவில்லை.

காலையில் கல்யாணம். தாலி கட்டி முடிந்த கையோடு அத்தை என்னிடம் கத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. மாப்பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும் என்றேன், நெருப்புக் கம்பியையும் கொடுத்துவிட்டேன். கத்தி இல்லாமல் அது வெறும் கம்பிதானே. வசந்தா என்னைப் பார்த்து, "மோர் குடிக்கிறீங்களாண்ணே?" என்றாள். கலியபெருமாள் குனிந்துகொண்டார்.

என்னை அரியலூருக்கு சைக்கிளில் கூட்டிப்போனவன் தங்கராசு. சுண்ணாம்புக்கல் லாரிகள் இருவர் மேலும் வெள்ளைச் சேற்றை வாரி அடித்தன. பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. புகையை முதலில் பார்த்தது யார் என்றேன்.

"நாந்தாங்க. ஏரிக்கரையில தனியா உக்காந்திருந்தேன். புது வேட்டி குடுத்துக் கட்டிக்கச் சொல்லிட்டாங்க. பந்தல்ல யாருக்கும் பொகை தெரியல."

"நீ பேசாம இருந்திருந்தா?"

சைக்கிள் கொஞ்ச தூரம் ஏற்றத்தில் ஏறியது. அவன் எழுந்து நின்று மிதித்தான்.

"எனக்கும் ஆசதாங்க, சின்னதுலேர்ந்து. அவகிட்டப் போயிக் கேட்டா, ஊரு மானத்துக்காக சரின்னுதான் சொல்லுவா. வேணாம்னு சொல்ல மாட்டா. அதான் எனக்கு பயமாப் போச்சு. காலத்துக்கும் என்னைப் பாத்து சரி, சரின்னுட்டே இருப்பா."

அவன் முதுகில் கையை வைத்தேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றான். வண்டி நகர்ந்ததும் கூடவே ஓட ஆரம்பித்தான். ஏதோ மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, அங்க நல்ல பொண்ணு யாராச்சும் இருந்தா சொல்லுங்க!" என்று கத்தினான். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. "வேணாம்னா வேணாம்னு நேரா சொல்ற பொண்ணா பாருங்க!"